நாலு காசுக்கு ஒரு நெருப்பு!

போன வாரம் ஒரு நாள் இரவு எட்டு மணி இருக்கும். திடீரென்று மின்சாரம் நின்றது. வீடு முழுவதும் இருட்டு.

இந்தக் காலத்தில் இருட்டைக் கண்டு யார் பயப்படுகிறார்கள்? கையில் செல்போன் இருக்கிறது. அதில் விளக்கும் இருக்கிறது. என் மனைவி தன் செல்போனைத் தேடி எடுத்தாள். அதில் சார்ஜ் இல்லை. நான் என்னுடையதை எடுத்தேன். அது இரண்டு நிமிஷம் எரிந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

"மெழுகுவத்தி இருக்கிறதே, ஏற்றலாம்" என்றேன். மெழுகுவத்தி இருந்தது. தீப்பெட்டி இல்லை!

சாமி விளக்குக்கென்று வைத்திருந்த தீப்பெட்டி தீர்ந்து இரண்டு நாள் ஆகிறதாம். காஸ் அடுப்பைப் பற்ற வைத்து அதில் மெழுகுவத்தியைக் காட்டலாம் என்றால், சிலிண்டர் அன்று காலையில்தான் தீர்ந்திருந்தது. அன்றைய சமையல் எல்லாம் கரண்ட் அடுப்பில். கரண்ட் அடுப்புக்குக் கரண்ட் வேண்டும் அல்லவா?

ஆக, மூன்று விதமான அடுப்பு விளக்குச் சாமான்கள் வீட்டில் இருந்தும், இருட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். அதுவும் எங்கே? விருதுநகரில்! நாடு முழுவதற்கும் தீப்பெட்டி அனுப்பும் சிவகாசி இங்கிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

அப்போது திண்ணைப் பக்கமிருந்து ஒரு 'சர்ர்' சத்தம். வெளிச்சம் வந்தது. என் தாயார் இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து, தீப்பெட்டியை எடுத்து, ஒரே உரசில் பற்ற வைத்துவிட்டார்.

மெழுகுவத்தி எரிந்ததும் என் மகள் அந்தத் தீப்பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்பது வயது. கேள்வி கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

"அப்பத்தா, இது என்ன விலை?"

"ரெண்டு ரூபா தாயி."

"அப்படியானால் ஒரு குச்சி என்ன விலை?"

யாரும் பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷம் தீக்குச்சி கிழிக்கிறோம். ஒரு குச்சியின் விலை என்னவென்று நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

எண்ணிப் பார்த்தோம்

மின்சாரம் வர இன்னும் நேரமிருந்தது. வேறு வேலையும் இல்லை. மறுநாள் புதுப் பெட்டி ஒன்று வாங்கி எண்ணிவிடுவது என்று முடிவாயிற்று.

அப்படியே வாங்கினோம். பாயில் கொட்டி எண்ணினோம். 48 குச்சிகள் இருந்தன. பெட்டிக்குப் பெட்டி ஒன்றிரண்டு கூடும், குறையும். கணக்குக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ரூபாய் என்பது 200 காசு. 200 காசை 50 குச்சிக்குப் பங்கு போட்டால், குச்சி ஒன்றுக்கு நாலு காசு.

நாலு காசு! "நாலு காசு சம்பாதிக்கணும்" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்த நாலு காசுக்கு இன்று கடையில் தனியாக வாங்கக் கூடிய பண்டம் ஒன்றுமே கிடையாது. ஒரு மிட்டாய்கூட ஒரு ரூபாய். ஆனால் நெருப்பு மட்டும் நாலு காசுக்குக் கிடைக்கிறது.

இந்த விலையின் கதையும் வேடிக்கையானது. 1995-ல் தீப்பெட்டி 50 காசு ஆயிற்று. 2007-ல் ஒரு ரூபாய் ஆயிற்று. அதற்குப் பிறகு 14 ஆண்டுகள் அந்த விலை அசையவே இல்லை. அரிசி ஏறியது, பருப்பு ஏறியது, பால் ஏறியது. தீப்பெட்டி மட்டும் அதே ஒரு ரூபாயில் நின்றது. 2021 டிசம்பர் 1-ந் தேதிதான் இரண்டு ரூபாய் ஆயிற்று.

இவ்வளவு மலிவாக நெருப்பைக் கொடுக்க முடிவது எப்படி? அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அந்தச் சிறு குச்சிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பாதி குச்சியில், பாதி பெட்டியில்

என் மகள் ஒரு குச்சியை எடுத்துச் சுவரில் உரசினாள். பற்றவில்லை. தரையில் உரசினாள். பற்றவில்லை. பழைய சினிமாவில் கதாநாயகன் பூட்ஸில் உரசிச் சுருட்டுப் பற்ற வைக்கிறானே, அது மட்டும் எப்படி?

நம் வீட்டுத் தீப்பெட்டியின் ரகசியமே அதுதான். நெருப்புக்கு வேண்டிய மருந்து இரண்டாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பாதி குச்சியின் தலையில். மறு பாதி பெட்டியின் பக்கத்தில். இரண்டும் சேர்ந்தால்தான் தீ.

குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட் என்ற உப்பு. அதோடு கந்தகமும், கண்ணாடித் தூளும், எல்லாவற்றையும் ஒட்டிப் பிடிக்கும் பசையும் உண்டு. பெட்டியின் பக்கத்தில் தடவியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். அதிலும் சொரசொரப்புக்குக் கண்ணாடித் தூள் கலந்திருக்கும்.

உரசும்போது கண்ணாடித் தூள் தேய்ந்து சூடு உண்டாகிறது. அந்தச் சூட்டில் பாஸ்பரஸ் துளி பற்றிக்கொள்கிறது. உடனே தலையிலுள்ள குளோரேட் உப்பு பிராணவாயுவைக் கொடுக்கிறது. கந்தகம் எரிகிறது. ஆனால் அந்தத் தலை ஒரு நொடியில் எரிந்து தீர்ந்துவிடும். அதற்குள் மரக்குச்சி பற்ற வேண்டுமே! அதற்காகத்தான் குச்சியின் நுனியை முன்பே மெழுகில் முக்கி வைத்திருக்கிறார்கள். மெழுகு எரிந்து, அந்தத் தீ மரத்துக்குத் தாவுகிறது.

இத்தனையும் நாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் நடந்துவிடுகிறது. சினிமாக் கதாநாயகன் கையில் இருப்பது வேறு ஜாதிக் குச்சி. அதன் தலையிலேயே எல்லா மருந்தும் உண்டு. எங்கே உரசினாலும் பற்றும். சட்டைப் பையில் உரசிக்கொண்டாலும் பற்றும்! நம்முடையது பத்திரமான குச்சி. பெட்டியில் உரசினால்தான் பற்றும்.

சீமையில் ஒரு பாவம்

உரசினால் பற்றும் தீக்குச்சியை 1826-ல் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வாக்கர் என்ற மருந்துக் கடைக்காரர். அடுத்த வருஷமே அவர் கடையில் விற்பனை தொடங்கிவிட்டது.

அவருக்குப் பின் வந்தவர்கள் குச்சி சுலபமாகப் பற்ற வேண்டும் என்று வெள்ளைப் பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். அது பொல்லாத விஷம். அதன் புகையைத் தினமும் சுவாசித்த தொழிலாளிகளுக்குப் பல் விழுந்தது. தாடை எலும்பு அழுகியது. பலர் செத்தார்கள். குச்சி மலிவாகக் கிடைத்தது. ஆனால் அதன் விலையைத் தாடை எலும்பால் கொடுத்தவர்கள் ஏழைப் பெண்கள்.

1888-ல் லண்டனில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலை நிறுத்தம் செய்தார்கள். குறைந்த கூலி, தொட்டதற்கெல்லாம் அபராதம், இந்த நோய் எல்லாம் அவர்களுடைய குறைகள். அவர்கள் நிலையைப் பத்திரிகையில் எழுதி ஊரறியச் செய்தவர் யார் தெரியுமா? அன்னி பெசன்ட் அம்மையார்! பிற்காலத்தில் நம் சென்னை அடையாறில் வாழ்ந்து, 1933-ல் அங்கேயே காலமானாரே, அதே அம்மையார்தான்.

சுவீடன் நாட்டில் 1844-ல் பாஷ் என்பவர் மருந்தை இரண்டாகப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். விஷமில்லாத சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்தில் தடவினார். ஆனாலும் பழைய விஷக் குச்சி உடனே ஒழியவில்லை. அது விலை குறைவு அல்லவா? 1906-ல் பல தேசங்கள் கூடி அதைத் தடை செய்ய ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913-ல் தடைச் சட்டம் வந்தது.

நல்ல வழி தெரிந்த பிறகும் கெட்ட வழி ஒழிய அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. காரணம், நாலு காசு லாபம்.

கல்கத்தா போன இருவர்

நம் ஊருக்கு வருவோம். ஒரு காலத்தில் நம் வீடுகளில் எரிந்ததெல்லாம் சுவீடன் தீப்பெட்டியும் ஜப்பான் தீப்பெட்டியும்தான். 1922-ல் அரசாங்கம் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு வரியை உயர்த்தியது. "இனி இங்கேயே செய்தால் கட்டுப்படியாகும்" என்று பலருக்கும் தோன்றியது.

சிவகாசியைச் சேர்ந்த இரண்டு வாலிபர்கள் அந்த வருஷம் ரயிலேறிக் கல்கத்தாவுக்குப் போனார்கள். ஒருவர் அய்ய நாடார். மற்றவர் சண்முக நாடார். இருவரும் உறவினர்கள். அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்து, 1923-ல் சிவகாசியில் தொடங்கினார்கள். பிற்பாடு இருவரும் தனித்தனியே தொழில் நடத்தினார்கள். அணில் மார்க், காக்கா மார்க் என்று ஊரெல்லாம் அறிந்த சின்னங்கள் அப்படி வந்தவைதான்.

இந்த வட்டாரம் அந்தத் தொழிலுக்கென்றே அமைந்தது போல இருந்தது. மழை குறைவு. வெயில் அதிகம். காற்றில் ஈரமில்லை. குச்சி சீக்கிரம் காயும். கரிசல் காட்டில் மழை பொய்த்தால் விளைச்சல் பொய்க்கும். விளைச்சல் பொய்த்தால் ஜனங்கள் எந்தக் கூலிக்கும் வேலைக்கு வருவார்கள்.

தீப்பெட்டி வந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சகம் வந்தது. அச்சகம் வந்ததும் காலண்டர் வந்தது. நம் வீட்டுச் சுவரில் தினமும் கிழிக்கிறோமே, அந்தக் காலண்டருக்கும் தீப்பெட்டி ஒரு வகையில் பாட்டியார் முறை! வண்ண மத்தாப்புக் குச்சி செய்யப் போய், அதன் வழியே பட்டாசும் வந்தது. இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும் பகுதி இந்த வட்டாரத்தில் செய்வதுதான்.

உழைப்பால் உயர்ந்த ஊர் என்று சிவகாசியைச் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த உழைப்பு யாருடையது?

கட்டை அடுக்கிய கைகள்

கொட்டிய குச்சிகளை என் மகள் அள்ளிப் பெட்டியில் போட முயன்றாள். தலையும் காலும் மாறி மாறி விழுந்தன. பெட்டி மூடவில்லை.

"இங்கே கொண்டா" என்று என் தாயார் வாங்கினார். குச்சிகளைப் பாயில் உருட்டி, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். அத்தனை குச்சிகளும் ஒரே பக்கம் தலை வைத்து நின்றன. பெட்டிக்குள் போயின. ஐந்து நொடிகூட ஆகவில்லை.

"அப்பத்தா! இதை எங்கே படிச்சே?"

"படிக்க வேண்டிய வயசிலே படிச்சதுதான் தாயி" என்றார் அவர்.

என் தாயார் சிவகாசிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு அவருடைய பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எட்டு வயதில் 'தீப்பெட்டி ஆபீஸ்' வேலைக்குப் போனார். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பட்டாசுத் தொழிற்சாலை என்றால் 'பயர் ஆபீஸ்'.

விடியுமுன் கம்பெனி பஸ் கிராமத்துக்கு வரும். தூங்குகிற பிள்ளையை எழுப்பி, தூக்குச் சட்டியில் பழைய சோற்றைக் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். திரும்பி வரும்போது பொழுது அடைந்திருக்கும். வெயிலடிக்கும் நேரத்தில் தன் கிராமம் எப்படி இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பாராம்.

அவர் செய்தது கட்டை அடுக்கும் வேலை. மருந்தில் முக்கும்போது குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. ஆகவே வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மெல்லிய சட்டங்களில், பள்ளத்துக்கு ஒரு குச்சியாக அடுக்க வேண்டும். சட்டத்தின் மேல் சட்டமாக ஐம்பது வரிசை ஏறினால் ஒரு கட்டை நிறையும். கூலி நாள் கணக்கில் அல்ல, கட்டைக் கணக்கில். சின்ன விரல்தான் பள்ளத்தில் லாகவமாக ஓடும் என்று சொல்லிப் பிள்ளைகளை வைத்தார்கள். சின்ன வயதுக்குச் சின்னக் கூலி போதும் என்பதுதான் உண்மைக் காரணம்.

ஒரு தீப்பெட்டி எத்தனை கை மாறி வருகிறது பாருங்கள். மரத்தைக் குச்சியாக்க ஒரு கை. கட்டை அடுக்க ஒரு கை. மருந்து முக்க ஒரு கை. உலர்ந்ததைப் பிரிக்க ஒரு கை. பெட்டி செய்ய ஒரு கை. குச்சி அடைக்க ஒரு கை. லேபிள் ஒட்ட ஒரு கை. பக்கத்தில் மருந்து தடவ ஒரு கை. பண்டல் கட்ட ஒரு கை. இத்தனைக்கும் சேர்த்துத்தான் பெட்டியின் விலை. விலையை உயர்த்த முடியவில்லை என்றால் என்ன செய்வார்கள்? கையின் விலையைக் குறைப்பார்கள்.

"உங்களுக்குக் கோபம் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"யாரைக் கோவிக்க? அந்தக் கூலியிலேதான் வீட்டிலே உலை கொதிச்சது. என் தம்பி ரெண்டு பேரும் படிச்சாங்க" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, "எனக்கும் படிப்பு நல்லாத்தான் வந்தது" என்றார்.

அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிடி அரிசிப் பள்ளிக்கூடம்

இத்தனைக்கும் இந்த மாவட்டம் படிப்பின் அருமை தெரியாத மாவட்டம் அல்ல.

விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளிக்கூடம் 1889-ல் தொடங்கியது. வியாபாரிகள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை 'மகமை' என்று எடுத்து வைத்து அதற்குக் கொடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியைச் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படிப்புச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பிடி அரிசி குறைந்ததால் எந்த வீட்டிலும் பட்டினி இல்லை. ஆனால் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது!

அந்தப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளைதான் காமராஜர். அவர் 1903-ல் விருதுநகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். படிப்பு பாதியில் நின்றது. தனக்குக் கிடைக்காத படிப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். முதல் மந்திரியாக இருந்தபோது 1956-ல் பள்ளிக்கூடங்களில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார்.

அந்த மாவட்டத்திலேயே, அதற்குப் பின்னும், பிள்ளைகள் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா சிவகாசிப் பிள்ளைகளுக்காகச் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 10-ந் தேதி தீர்ப்பு வந்தது. அபாயமான தொழிலில் பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி, பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பதில் அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க வேண்டும். வேலை கொடுக்க முடியாவிட்டால் அரசாங்கம் 5,000 ரூபாய் போட வேண்டும். இந்தப் பணம் பிள்ளையின் நலனுக்குச் செலவாக வேண்டும் என்று தீர்ப்பில் சொல்லியிருந்தது.

சட்டம், தீர்ப்பு, பள்ளிக்கூடத்துச் சோறு, தாய்மார்களின் பிடிவாதம் எல்லாம் சேர்ந்து காலம் மாறியது. ப்ளஸ் டூ தேர்வில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடம் பெற்றது. கட்டை அடுக்கிய கைகளின் பிள்ளைகள் பேனா பிடித்தார்கள்.

தம்பி பொல்லாதவன்

தீப்பெட்டி அண்ணன் என்றால் பட்டாசு தம்பி. தம்பி பொல்லாதவன்.

1991-ல் மீனம்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்திலும் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சிறு விபத்துகளைக் கணக்கில் சேர்த்தால் மனம் தாங்காது.

மருந்து அடைக்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும் என்பதும் விதி. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவியும். அவசரம் வரும். நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் கூடுதல் பேர் உட்காருவார்கள். மரத்தடியிலும் மருந்து கை மாறும். அவசரத்துக்கும் நெருப்புக்கும் ஒத்துவராது.

2018-ல் சுப்ரீம் கோர்ட் பட்டாசுக்குப் பல கட்டுப்பாடுகள் விதித்தது. தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரைதான் வெடிக்கலாம், புகை குறைந்த பசுமைப் பட்டாசுதான் செய்யலாம், பேரியம் உப்பு கூடாது என்றது. அந்தந்த மாநிலத்துக்கு ஏற்ப அந்த இரண்டு மணி நேரத்தை மாற்றிக்கொள்ளவும் பிறகு இடம் கொடுத்தது. காற்று சுத்தமாக வேண்டும் என்பதும் நியாயம். வேலை வேண்டும் என்று இந்த வட்டாரத்துத் தாய்மார்கள் கேட்பதும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் ஒரு வழி தேட வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு நாலு குறிப்பு

தீப்பெட்டியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, வீட்டுக்கு உதவும் நாலு விஷயம் சொல்லாமல் விடலாமா?

ஒன்று: மழைக் காலத்தில் தீப்பெட்டியை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஈரம் பட்டால் மருந்தும் இளகும், பக்கமும் நமுத்துப்போகும்.

இரண்டு: உரசும்போது உடம்பை விட்டு வெளிப்பக்கமாக உரசுங்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

மூன்று: காஸ் வாடை வந்தால் தீக்குச்சியும் கிழிக்கக் கூடாது, சுவிட்சும் போடக் கூடாது. சிலிண்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

நாலு: கையில் நெருப்புச் சுட்டுவிட்டால் இங்கியோ, பற்பசையோ, மாவோ தடவாதீர்கள். குழாயைத் திறந்து இருபது நிமிஷம் சாதாரணத் தண்ணீரில் காட்டுங்கள். காயம் பெரிதானால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி தீப்பெட்டி யாருக்கு?

"நமக்குத்தான் லைட்டர் இருக்கிறதே, தீப்பெட்டி எதற்கு?" என்று என் மனைவி கேட்டாள். பல வீடுகளில் கேட்கிற கேள்விதான்.

பத்து ரூபாய்க்கு வெளிநாட்டிலிருந்து வந்த பிளாஸ்டிக் லைட்டர், தீப்பெட்டி வியாபாரத்தை நன்றாகவே கடித்துவிட்டது. ஒரு லைட்டர் பல பெட்டித் தீக்குச்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று தொழில் செய்கிறவர்கள் முறையிட்டார்கள். அடக்க விலை இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்கள் வெளிநாட்டிலிருந்து வருவதை 2023 ஜூன் மாதம் மத்திய அரசாங்கம் தடை செய்தது.

மற்றொரு பக்கம் இயந்திரம். கைகள் செய்த வேலையை இப்போது பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. என் தாயார் நாளெல்லாம் அடுக்கிய குச்சியை இயந்திரம் சில நிமிஷத்தில் அடுக்கிவிடும். பிள்ளைகளின் விரல் விடுதலையானது நல்லது. ஆனால் அந்த வேலையை நம்பியிருந்த நடுத்தர வயதுப் பெண்கள் வேறு என்ன வேலைக்குப் போவார்கள்? இயந்திரம் கொண்டுவருகிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு மாதம் மூன்று தீப்பெட்டி செலவாகிறது என்று கணக்குப் போட்டோம். ஆறு ரூபாய். ஒரு டீயின் விலைகூட இல்லை. இந்த ஆறு ரூபாயை மிச்சம் பிடித்து நாங்கள் மாடி கட்டப் போவதில்லை. பெட்டிக்கு நாலணா கூடினாலும் நம் குடும்பம் கவிழாது. அந்த நாலணா கட்டுக்கட்டாகச் சேர்ந்து ஒரு பெண்ணின் சம்பளக் கவரில் விழுந்தால், அவள் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் ஆகும். பிடி அரிசியில் பள்ளிக்கூடம் கட்டிய ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மலிவு என்று நாம் சந்தோஷப்படும் பொருளைக் கையில் எடுக்கும்போது, "மிச்சத்தை யார் கொடுக்கிறார்கள்?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது. லண்டன் பெண்கள் தாடையால் கொடுத்தார்கள். என் தாயார் நாலாம் வகுப்பால் கொடுத்தார்.

அந்த நாலாம் வகுப்பு அவருக்கு வேறு விதமாகத் திரும்பி வந்தது. 1990-களில் அறிவொளி இயக்கத்தார் கிராமத்துக்கு வந்து, தெரு விளக்கடியில் பெண்களை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மறந்துபோன எழுத்தெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை மலரை எங்கள் வீட்டில் முதலில் படிப்பவர் அவர்தான். இந்தக் கட்டுரையையும் அவர்தான் முதலில் படிப்பார். பிழை இருந்தால் எனக்குச் சாப்பாடு கிடைக்காது!

மறுநாள் சாயந்திரம் சாமி விளக்கு ஏற்ற என் மகள் தீப்பெட்டியை எடுத்தாள். ஒரு குச்சி கிழித்தாள். விளக்கை ஏற்றினாள். குச்சி பாதிதான் எரிந்திருந்தது. ஊதி அணைத்து எறியப் போனாள்.

"எறியாதே தாயி" என்றார் என் தாயார். "ஊதுவத்தி கொளுத்த இந்த விளக்கிலே காட்டிக்கலாம். இன்னொரு குச்சி எதுக்கு?"

"நாலு காசுதானே அப்பத்தா?"

"நாலு காசுதான்" என்றார் அவர். அந்தப் பாதிக் குச்சியை வாங்கி விளக்கின் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.